ஜபல்பூரில் ஒரு டீக்காரர்

செகந்திராபாத்துக்கு நான் போனது இரண்டு வேலையாக. ஒன்று, மேடையில் உட்கார்ந்து சால்வை வாங்கிக்கொண்டு பேசுவது. இன்னொன்று, ஒரு வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பொய் சொல்வது. முதலாவது சுலபம், இரண்டாவதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

நான் சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் நிருபர். எல்லையில் சண்டை மூண்டபோது ராணுவத்தோடு கூடவே போய்ச் செய்தி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லும்போதே என் குரல் கொஞ்சம் கனத்துவிடும். வீட்டில் கேலி செய்வார்கள். உண்மையில் நடந்தது என்னவென்றால், அவர்கள் ஏற்றிய வண்டியில் ஏறி, இறக்கிய இடத்தில் இறங்கி, காட்டியதைப் பார்த்தோம். ஊர்ப் பெயர் சொல்லக்கூடாது, படைப்பிரிவின் பெயர் சொல்லக்கூடாது, அனுமதி இல்லாமல் யார் முகத்தையும் காட்டக்கூடாது. எழுதியதை ஒரு மேஜர் படித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அனுப்ப முடியும்.

மலைப்பாதையில் பாதி நேரம் லாரியின் பின்பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் டிவியில் வந்தது தலைக்கவசமும் குண்டு துளைக்காத உடுப்பும் மாட்டிய நான். அந்தக் காட்சியை எடுத்தது சமையல் கூடாரத்துக்குப் பின்னால். அப்போது உள்ளே உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டையில் இருக்கும் என் அம்மா, சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போன் போட்டு, "டிவியைப் போடுங்க, எம்புள்ள சண்டையில நிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கினபோது நல்ல மழை. தங்கும் விடுதி இருந்த மாரெட்பள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். ரயில்வே பாலத்துக்கு அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஆட்டோ நடுவில் போய் நின்றுவிட்டது. ஓட்டுநர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். தண்ணீர், ஆட்டோ, அவர் முதுகு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அழகாக வந்ததால் நான் உள்ளே இருந்தபடியே செல்போனில் படம் எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்து இந்தியில் கேட்டார்: "சாருக்குத் தள்ளத் தெரியுமா, இல்லை படம் மட்டும்தான் எடுப்பீங்களா?"

கோபமே இல்லாமல் கேட்டார். சென்னையாக இருந்தால் அதற்குள் நாலு வார்த்தை விழுந்திருக்கும்; நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இவர் மரியாதையாகக் கேட்டதால் வேறு வழியில்லாமல் புதுச் செருப்போடு இறங்கித் தள்ளினேன்.

விடுதியில் டேவிட் காத்திருந்தார். நாகர்கோவில்காரர், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை, அங்கிருக்கிற தமிழர் அமைப்பொன்றுக்குச் செயலாளர். என்னைப் பேச அழைத்தது அவர்தான். பக்கத்து ஈரானி ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீயும் பிஸ்கட்டும் வாங்கித் தந்தார். அந்த டீயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். கும்பகோணம் டிகிரி காப்பிக்கே அடிமையாக இருக்கும் நான் அடுத்தடுத்து இரண்டு குடித்தேன்.

"சார், ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஹால் ஃபுல்லாயிரும். டிஃபென்ஸ் ஃபேமிலி நெறைய வருவாங்க. புள்ளிவிவரம் ஒண்ணும் வேண்டாம் சார். மனசத் தொடுறாப்புல ரெண்டு சம்பவம் சொல்லுங்க, போதும்" என்றார் டேவிட்.

மனதைத் தொடுகிற சம்பவம் என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் அதைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் இரண்டாவது வேலையும் அதைச் சேர்ந்ததுதான்.

மலையில் ஒரு முகாமில் எங்களைத் தங்க வைத்திருந்தபோது, நான் யாரிடமோ தமிழில் போன் பேசுவதைக் கேட்டு ஒரு பையன் ஓடிவந்தான். "அண்ணா, தமிழா? ஹவ், ஆமா, நானும் தமிழ்தான். நம்ம வீடு செகந்திராபாத் அல்வால்" என்றான். பெயர் ராஜ். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குப் பாலாநகரில் விமானத்துக்கு மின்னணுச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை. குமாஸ்தா வேலைக்கு என்பதால்தான் அவனுடைய அம்மா ராணுவத்துக்கே விட்டாராம். ஆள் போதவில்லை என்று கேட்டபோது இவன் கையைத் தூக்கிவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டான். அம்மாவிடம், ஜபல்பூரில் கிடங்கில் கணக்கு எழுதுவதாகச் சொல்லிவைத்திருந்தான்.

அவன் இருந்த பதுங்குகுழியில் இது இவன் ஒருவனுடைய பொய் இல்லை. ஆளுக்கொரு ஊர் இருந்தது. ஒருவன் புனேயில் பயிற்சியில் இருந்தான். இன்னொருவன் டெல்லியில் அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். யார் எந்த ஊரில் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதோடு விடமாட்டார்கள், அந்த ஊரின் சத்தத்தையும் செய்து கொடுப்பார்கள். ராஜின் கிடங்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்ததால் தீரஜ் என்ற வடக்கத்திச் சிப்பாய் கரண்டியால் இரும்புக் குவளையைத் தட்டிக்கொண்டு, மூக்கால், "சாய்! கரம் சாய்!" என்று கூவிக்கொண்டே குழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பான். மேலே தலை இடிக்காமல் குனிந்துதான் நடக்க வேண்டும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குண்டு கொஞ்சம் பக்கத்திலேயே விழுந்தது. மண் உதிர்ந்தது. தீரஜ் இன்னும் பலமாக டீ விற்றான். ராஜ் போனில், "கல்யாண வெடிம்மா, இங்க எப்பவும் ஏதாவது கல்யாணம்" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணோடேயே கை பேனாவைத் தேடியது. ராஜ் அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணா, இதை மட்டும் நக்கோ, வேண்டாம். அம்மாக்குத் தெரிஞ்சா அவங்க தூங்க மாட்டாங்க. அவங்க தூங்கலைன்னு தெரிஞ்சா இங்க எனக்குக் கை நடுங்கும். கை நடுங்குறவனைப் பக்கத்துல வச்சிக்கிறது இவங்களுக்கும் ஆபத்து."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். டிவியில் சொல்லவும் இல்லை. கிளம்பும்போது அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கம்பளிச் சால்வை தந்தான். ஜபல்பூரில் பார்த்ததாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் அல்வால் போனேன். பஸ் நிறுத்தத்தில் ராஜின் அப்பா சங்கரன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் தொழிற்சாலையின் அடையாள அட்டை. வண்டியைக் கிளப்பாமல் முதலில் இதைச் சொன்னார்: "சார், வீட்ல ஜபல்பூர். எனக்கும் பொண்ணுக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. கொஞ்சம் பாத்துப் பேசுங்க." அதன்பிறகு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. அவர் உதைத்தார், நான் உதைத்தேன், பக்கத்துப் பழக்கடைக்காரர் வந்து ஒரே உதையில் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராஜின் அம்மா கோமதி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தம்பி, உள்ள வாங்க. எம்புள்ளையக் கண்ணால பாத்த ஆளு நீங்கதான். ஒழுங்காத் திங்கானா? மெலிஞ்சிட்டானா?"

"நல்லா இருக்கான் அக்கா. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கான்."

இது முதல் பொய். பையன் கன்னம் ஒட்டிப்போய் இருந்தான்.

சால்வையைப் பிரித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஜபல்பூர்ல அவ்வளவு குளிரா அடிக்கி? இப்படிச் சால்வை விக்காங்க?" கண்காட்சி ஒன்று போட்டிருந்தார்கள், மலைநாட்டுச் சாமானெல்லாம் வந்திருந்தது என்றேன். சங்கரன் சன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் சொதி. தேங்காய்ப்பாலில் பீன்ஸும் கேரட்டும் முருங்கைக்காயும் மிதக்க, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு பொரியல். அதோடு ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாத மாதிரி ஒரு கிண்ணத்தில் கோங்குரா, அதாவது புளிச்சக்கீரை ஊறுகாய். சொதியையும் கோங்குராவையும் ஒரே இலையில் திருநெல்வேலியில் வைத்தால் பஞ்சாயத்துக் கூடிவிடும். ஆனால் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்தேன், பிரமாதம்.

"அந்த டீக்காரரு எப்படி இருக்காரு தம்பி?" என்றார் கோமதி அக்கா, சாதம் போட்டபடி.

எனக்குப் புரை ஏறியது.

"அவன் போன் பண்ணும்போதெல்லாம் அந்த மனுசன் கரெக்டா வந்திருதாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. சரி, புள்ளைக்கு வேளாவேளைக்கு டீ குடுக்க ஒரு ஆளு இருக்குன்னு. வயசானவரோ?"

"நாப்பது இருக்கும் அக்கா."

"புள்ளகுட்டி உண்டா?"

"ரெண்டு பொண்ணு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தீரஜுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் வாய் ஓட ஆரம்பித்துவிட்டது. மூத்த பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அவர் தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருப்பார் என்றேன். டீயில் ஏலக்காய் தட்டிப் போடுவார் என்றும் சொன்னேன். கோமதி அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ராஜின் தங்கை பவித்ரா, கல்லூரியில் படிக்கிற பெண், "அம்மா, போதும், அவரைச் சாப்பிட விடு" என்று தெலுங்கில் அதட்டினாள். அதட்டியது அம்மாவை. பார்த்தது என்னை.

புறப்படும்போது இரண்டு பொட்டலம் வந்தது. இரண்டிலும் முந்திரிக்கொத்து. "இது ராசாவுக்கு. இது அந்த டீக்காரருக்கு, புள்ளைகளுக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அடுத்த வாரம் ஜபல்பூர் போகிறார் என்று இன்னொரு பொய் சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

சங்கரன் மரியாதைக்காக, நாளைக்கு சார் மாரெட்பள்ளியில் பேசுகிறார் என்றார். கோமதி அக்கா கையை வேகமாக ஆட்டினார். "சண்டைக் கதையெல்லாம் என்னால கேக்க முடியாது தம்பி, தப்பா நினைக்காதீங்க. டிவில வந்தாலே எந்திச்சு அடுக்களைக்குப் போயிருவேன். நீங்க அங்கயெல்லாம் போனியளாமே, உங்க அம்மா எப்படி விட்டாங்க? பாவம், தூங்கிருக்கவே மாட்டாங்க."

என் அம்மா போன் போட்ட சொந்தக்காரர்களின் பெயரெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. "ஆமா அக்கா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மதியம் டேவிட் பிரியாணி வாங்கித் தந்தார். அதை ஆம்பூர் பிரியாணியோடு ஒப்பிட்டு அவருக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. இரண்டு பேரும் தோற்கவில்லை. சாப்பிட்ட மயக்கத்தோடு கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்ததும் அப்படியே ரயிலுக்குப் போக ஏற்பாடு.

மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு மாலை, பட்டுச் சால்வை. அறிமுகம் செய்தவர் என்னை "குண்டு மழையில் நனைந்து வந்தவர்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

பேச ஆரம்பித்தேன். மலைப்பாதை, குளிர், மேஜர், நிபந்தனைகள். கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் கையைவிட்டுப் போவது தெரிந்தது. இரண்டாவது வரிசையில் ஒருவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்தார். பின்னால் பிள்ளைகள் நாற்காலியை இழுத்து விளையாடினார்கள். டேவிட் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். மனதைத் தொடவேண்டுமாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை வெளியே காட்டக்கூடாது என்றால் பெயரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம். மாற்றிவிட்டால் அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று மனம் சமாதானமாகிவிடும். மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்தச் சின்ன விவரங்கள்தான் சம்பவத்துக்கு உயிர். மேடையில் நின்றபடியே அதைச் செய்தேன். ராஜ், ராகவ் ஆனான். அல்வால் விசாகப்பட்டினம் ஆயிற்று. ஜபல்பூரை நாக்பூர் ஆக்கினேன். டீக்காரரை மாற்றவில்லை. டீக்காரரை மாற்றினால் சொல்ல என்ன இருக்கிறது?

சொல்வதோடும் நிற்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துப் பேனாவால் தட்டினேன். முதுகை வளைத்துக்கொண்டு மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தேன். "சாய்! கரம் சாய்!" என்று மூக்கால் கூவினேன். மண்டபம் சிரித்தது. கிரிக்கெட் பார்த்தவர்கூட நிமிர்ந்தார். அப்புறம் குண்டு விழுந்ததைச் சொன்னேன், கல்யாண வெடியைச் சொன்னேன். சிரிப்பு சட்டென்று நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எங்கே நிறுத்தவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தினேன். பிறகு, குரலை இறக்கி, "அந்தத் தாய்க்கு இன்றுவரை தெரியாது" என்றேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடி இடமிருந்து வலமாக மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு வந்தபோது பக்கவாட்டுக் கதவோரம் கோமதி அக்கா நின்றிருந்தார்.

கையில் ஒரு கூடை. கூடையில் டிபன் பாக்ஸ். ரயிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்தவுடனே புரிந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமதி அக்காவிடம் ஏதோ சொன்னார். பாவம் அந்தத் தாய் என்றுதான் சொல்லியிருப்பார். கோமதி அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

கீழே இறங்கிப் போக முடியவில்லை. நன்றியுரை, நினைவுப் பரிசு, வரிசையாக வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டவர்கள். ஒவ்வொரு படத்துக்கும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். அவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் சிரிப்பதைப் பார்த்தபடி, கூட்டம் கலையும்வரை காத்திருந்தார்.

ஒருவழியாகப் பக்கத்தில் போனேன். கூடையை என்னிடம் நீட்டினார். "புளியோதரை. ரயில்ல கண்டதையும் வாங்கித் திங்காதீங்க."

வாங்கிக்கொண்டேன்.

"நாக்பூர்னு சொல்லிட்டியளே தம்பி. ஜபல்பூர்லா?"

கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த ஊர்ல என்னைக்குப் பாத்தாலும் கல்யாணமா இருக்கேன்னு நானும் நினைச்சதுண்டு" என்றார். குரல் உயரவே இல்லை. "அந்த டீக்காரருக்கு ரெண்டு பொண்ணுன்னியளே. மூத்தவ நல்லாப் படிக்கான்னியளே."

"மன்னிச்சிருங்க அக்கா. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தின் அசிங்கம் எனக்கே உறைத்தது. அவருக்கு உடனே உறைத்துவிட்டது.

"நான் வராம இருந்தா எல்லாஞ் சரியாப் போயிருக்குமா?" என்றார். "நேத்து எம்மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்து சாப்பிட்டிய. எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எம்புள்ள கேட்டுக்கிட்டான், சரி. அதை இத்தன பேர்ட்ட நடிச்சுக் காமிக்கலாம்னு அவனா சொன்னான்?"

இல்லை என்றேன்.

வெளியே ஸ்கூட்டரோடு காத்திருந்த சங்கரன் அப்போதுதான் உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவுடன் நடை தளர்ந்துவிட்டது. "உங்களுக்கும் தெரியும், என்ன?" என்று கேட்டார் கோமதி அக்கா. அவர் தரையைப் பார்த்தார். "பவிக்கு?" அவர் தலையைக் குனிந்தபடியே ஆட்டினார். "அப்ப நான் ஒருத்திதான் பாக்கி" என்றார் கோமதி அக்கா. அப்போதுதான் அவர் கண் கலங்கியது. முந்தானையை எடுக்கும் முன்பே கைப்பையில் போன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜ் கூப்பிடுகிற நேரம் அது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். சங்கரன் பதறி, "நான் பேசுதேன், குடு" என்று கையை நீட்டினார். கோமதி அக்கா தரவில்லை. முகத்தை அழுத்தித் துடைத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராசா! சாப்பிட்டியா? என்ன சாப்பாடு?"

நேற்று வாசலில் நின்று என்னை வரவேற்ற அதே குரல். ஒரு பிசிறு இல்லை. சுற்றிலும் நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தத்துக்கு நடுவிலும் போனிலிருந்து குவளையைத் தட்டும் ஓசை மெல்லியதாகக் கேட்டது. அக்காவின் இன்னொரு கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்தது. விரல்கள் வெளுத்துப்போயின.

"வந்துட்டாரா உங்க டீக்காரரு?" என்று சிரித்தார். "வாங்கிக் குடி, ஆறிரப்போகுது. அந்தச் சால்வை நல்லா இருக்குப்பா. ஆமா, கண்காட்சில வாங்குனியாமே. நான் நல்லாத் தூங்குதேன், எனக்கென்ன? நீ தூங்கு. ஆமா, இங்கதான் நிக்காரு. அந்தத் தம்பி ரயிலுக்குக் கிளம்பிட்டு இருக்காரு. இந்தா, குடுக்கேன்."

போனை என் பக்கம் நீட்டினார். நீட்டிய கையை உடனே விடவில்லை. என் கண்ணைப் பார்த்து, தலையை மெதுவாக இடமும் வலமுமாக ஆட்டினார்.

"அண்ணா!" என்றான் ராஜ். காற்று அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினான். "அண்ணா, ரொம்ப தேங்க்ஸ். நீங்க வந்துட்டுப் போனதுல அம்மாக்கு முழு நம்பிக்கை வந்துருச்சி. குரல் கேட்டாலே தெரியுது, எவ்ளோ நிம்மதியா பேசுறாங்க! தீரஜ்கிட்டகூடச் சொன்னேன், பிரஸ்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி இல்ல, இந்த அண்ணா சொன்ன சொல்லைக் காப்பாத்துவாருன்னு. காப்பாத்திட்டீங்க அண்ணா."

எதிரில் அவன் அம்மா நின்றிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி" என்றேன்.